மூக்குக்கும் இதயத்துக்கும் நடுவில் நான்

ஆகஸ்ட் 14, செவ்வாய்

இன்றும் ஃபெயில். 1.7.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஃபெயிலானவள், ஐம்பத்தோரு வயதில் ரத்தத்தில் ஃபெயிலாகிறேன். எங்கள் தீவிலிருந்து ஆக்லாந்துக்கு விமானத்தில் கூட்டிப்போய் என் நெஞ்சைப் பிளந்து செயற்கை வால்வு வைத்து ஐந்து மாதமாகிறது. அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை. விரலைக் குத்தி ஓர் எண் பார்ப்பார்கள். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போகும். கூடினால் ஒழுகும். நடுவில் நில் என்கிறார்கள். பஸ்ஸிலேயே எனக்கு ஒழுங்காக நிற்க வராது.

"மாத்திரைய மறந்துட்டீங்களாக்கா?" நர்ஸ் அசெனாத்தி கேட்டாள். என் மகள் வயது. புருவத்தை மட்டும் போலீஸ்காரரிடம் கடன் வாங்கி வைத்திருக்கிறாள்.

"மறப்பேனா? எலி மருந்தாச்சே. என் வீட்டுக்காரர் எலிக்கு வைக்கிறதும் இதே சாமான்தானாமே."

"எலி ஒழுங்கா சாப்பிடுது. நீங்க?"

சத்தியம் செய்தேன். நியூசிலாந்துப் படிவத்தை எடுத்து வாசித்தாள். முட்டைக்கோஸ்? இல்லை. ப்ரோக்கோலி? அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பாலக்? இல்லை. வேறு கீரை? "நான் என்ன பசுமாடாடீ?" சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டாள். கீரை தின்றால் மாத்திரை வேலை செய்யாதாம். எனக்குத்தான் கீரையே கிடையாதே. மாத்திரையைக் கூட்டிவிட்டாள்.

எங்களோடு அதே விமானத்தில் போய் வால்வு வைத்துக்கொண்டவர் வெனாசியோ. போன மாதம் சந்தையில் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மனைவி ஸ்பூனால் தேங்காய்த் தண்ணீர் ஊட்டினாள். பாதி கழுத்தில் வழிந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், புரியவில்லை. புரிந்த மாதிரி சிரித்துவிட்டு வந்தேன். அவருடைய எண்ணும் 1.7 ஆகத்தான் இருந்ததாம்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

கோயிலில் மௌன ஜெபம். எல்லாரும் வாய் மூடினால் என் நெஞ்சு பேச ஆரம்பிக்கிறது. டிக், டிக், டிக். பாதிரியார் கண் திறக்காமலே கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். முன் வரிசைப் பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. நான் வாயைத் திறந்து காட்டினேன். வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். இரண்டு பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து ஞாயிறு விருந்து. என் வீட்டுக்காரர் ஃபலனிகோ விடியற்காலையிலேயே கல்லடுப்பு மூட்டி பலுசாமி செய்துவிட்டார். சேம்பின் கொழுந்து இலைகளை உள்ளங்கையில் அடுக்கி, கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் ஊற்றி, முடிந்து, சூட்டுக்கல்லில் வேகவைத்தது. பிரித்தால் வெண்ணெய். இருபத்தேழு வருடமாக இந்த மனிதர் எனக்கு ஒரு பூ கொடுத்ததில்லை. பலுசாமி கொடுக்காத ஞாயிறும் இல்லை. ஐந்து தின்றேன். மிச்சம் ஏழு புதன் வரை வரும்.

"மெதுவா தின்னு, வால்வு கழண்டுக்கப்போகுது" என்றார்.

இந்தத் தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் எனக்கு உடம்பில் தெம்பே இருக்காது.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

1.8. மாத்திரை மறுபடி கூடியது. அசெனாத்தி சிரிக்கவில்லை. நானும்.

இந்த வம்பெல்லாம் ஒரு தொண்டை வலியில் தொடங்கியது. ஒன்பது வயது. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள், தொண்டை சரியாயிற்று. அதற்குள் காய்ச்சல் தொண்டையிலிருந்து இதயத்துக்குக் குடி போய்விட்டது. நாற்பது வருடம் வாடகை கொடுக்காமல் இருந்து, வீட்டையே இடித்துவிட்டுத்தான் போயிற்று.

இரவு கை மரத்த மாதிரி இருந்தது. மூளையா? கையின் மேலேயே படுத்திருந்தேன் என்று பிறகு தெரிந்தது.

செப்டம்பர் 4, செவ்வாய்

2.7! அசெனாத்தி என் கையைப் பிடித்து ஆட்டினாள். வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. தட்டுவது எங்கள் ஊர் வழக்கம். இதே அளவு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து வரவேண்டும்.

செப்டம்பர் 8, சனி

ஆக்லாந்திலிருந்து போன். ஃபலனிகோவின் அண்ணன் போய்விட்டார். திடீரென்று. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே பன்றிக்குத் தீனி போட்டார். அப்புறம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் டிக் டிக் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 10, திங்கள்

சாவுச் சடங்கில் கொடுக்க வேண்டிய பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார். சடங்கெல்லாம் முடிந்து வர மூன்று வாரமாகும். எனக்குக் காவலாக அவருடைய அக்கா குயினிசே வந்து இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு விசிறி, இருபது டின் மீன்.

"ஏண்டி பெலே, கல்லடுப்பெல்லாம் நான் மூட்ட மாட்டேன். அது ஆம்பளைங்க வேலை. இதய நோயாளிக்கு சூப்பு போதும்."

கல்லடுப்பு மூட்டத் தெரிந்த பயல்கள் எல்லாரும் ஆப்பிள் தோட்ட வேலைக்கு நியூசிலாந்து போய்விட்டார்கள். ஆகவே சூப்பு.

செப்டம்பர் 18, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரி நாள். போகவில்லை. அடுத்த மாதம் பதினாலாம் தேதி வெள்ளை ஞாயிறு. ஊர்ப் பிள்ளைகள் தலை முதல் கால் வரை வெள்ளையில் கோயிலுக்கு வரும். நாற்பத்தொரு உடுப்பு என் தையல் மிஷினில் காத்திருக்கிறது. காலர் வைத்தது பதினொன்று. அசெனாத்திக்கு போன் செய்து, பஸ் போய்விட்டது என்றேன். பஸ் போனது உண்மை. நான்தான் ஏறவில்லை.

போன தடவைதான் பாஸாகிவிட்டேனே. மாத்திரை ஒன்றுகூட விடவில்லை. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

செப்டம்பர் 21, வெள்ளி

பல் தேய்த்தால் நுரை ரோஸ் நிறம். புது பிரஷ். அதுதான்.

செப்டம்பர் 23, ஞாயிறு

தொடையில் பெரிதாக நீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கே இடித்தேன்? யோசித்துப் பார்க்கிறேன். எங்கேயும் இல்லை. குயினிசேயிடம் சொல்லவில்லை. சொன்னால் கோயில் அறிவிப்பில் வந்துவிடும். மதியம் நூடுல்ஸ் சூப்பு.

செப்டம்பர் 25, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. இடது மூக்கில் ஒரு முழம் துணி திணித்திருக்கிறார்கள்.

காலையில் முப்பத்து மூன்றாவது உடுப்பு. ஒரு சொட்டு. வெள்ளைக் காலரில் ஒரே ஒரு சிவப்புச் சொட்டு. ஊசி குத்திவிட்டது என்று விரலைப் பார்த்தேன். விரலில் ஒன்றுமில்லை. அடுத்த சொட்டு. அப்புறம் சொட்டு இல்லை, குழாய்.

"தலைய பின்னால சாய்டி!" குயினிசே கத்தினாள். சாய்த்தேன், தொண்டையில் இறங்கிற்று. "முன்னால குனிடி!" குனிந்தேன், மடியில் கொட்டிற்று. இரண்டு துவாலை, ஒரு மேஜைத் துணி, அப்புறம் அவளுடைய கோயில் பாவாடை. பக்கத்து வீட்டு வேனில் ஏற்றினார்கள். வழியெல்லாம் ஜெபம் சொன்னாள், நடுநடுவே டிரைவரைத் திட்டினாள்.

ரத்தம் பார்க்கும் மிஷின் எண்ணே காட்டவில்லை. எட்டுக்கு மேல் போனால் அது எண்ணுவதை விட்டுவிடுமாம். என்னைப் போலத்தான், கணக்கு வராது.

அசெனாத்தி வந்து கட்டிலருகே நின்றாள். "எத்தன மாத்திர போட்டீங்கக்கா? உண்மைய சொல்லுங்க."

"நீ சொன்ன அளவுதான்டீ. சத்தியமா."

"பின்ன எப்படி?"

அதுதான். பின்ன எப்படி?

செப்டம்பர் 26, புதன்

என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் இதய டாக்டர் லெஃபிதி. அந்தப் பக்கம் மூக்கு டாக்டர் வைனிகோலோ, டோங்காக்காரர். எங்கள் முன்னோர் இவர்கள் முன்னோரைக் கடற்கரையிலிருந்து துரத்தி அனுப்பினார்கள். இப்போது என் மூக்கு இவர் கையில்.

"ரத்தம் உறைஞ்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்றார் மூக்கு.

"உறைஞ்சா வால்வு நின்னுடும்" என்றார் இதயம்.

"இப்படியே ஒழுகினா வால்வுக்கு வேலையே இருக்காது."

இருவரும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். கயிறு இழுக்கும் போட்டி, நான் கயிறு. கடைசியில் லெஃபிதி என்னிடம் குனிந்து, "மாத்திரைய நிறுத்துறோம். கொஞ்ச நாள்தான்" என்றார். 'கொஞ்ச நாள்' என்று சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 27, வியாழன்

துணியையும் மீறிக் கசிந்தது. ரத்தம் உறைய ஒரு மருந்து கொடுத்தார்கள், துளியளவு. லெஃபிதி அந்த ஊசியைப் பார்த்த பார்வை, மகளைக் கட்டிக் கொடுக்கும் அப்பா மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

செப்டம்பர் 28, வெள்ளி

1.5. கசிவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறுகிறது, பயமும் அப்படித்தான். இப்போது மூக்குப் பயம் குறைந்து மூளைப் பயம்.

வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு மரக்கட்டை. குயினிசே ஈரத் துணியால் என் உதட்டைத் துடைத்தாள். இருபத்தேழு வருடத்தில் இவள் என்னைத் தொட்டது இதுதான் மூன்றாவது தடவை. மற்ற இரண்டில் ஒன்று என் கல்யாணத்தன்று, இன்னொன்று ஓர் அடி.

செப்டம்பர் 29, சனி

சத்தம் குறஞ்சிடுச்சு.

காலையிலிருந்து கவனிக்கிறேன். டிக் இல்லை. ஏதோ பஞ்சு மேல் தட்டுகிற மாதிரி. வாயைத் திறந்து குயினிசேயைக் கேட்கச் சொன்னேன். என் வாய்க்குள் காதை வைத்தாள். "ஃபேன் சத்தம்தான் கேக்குது" என்றாள். ஃபேனை நிறுத்தினோம். "இருக்கு. ஆனா..." என்றாள்.

மூக்கு டாக்டர் வந்ததும் நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். "மூக்கு அடைச்சா காதும் அடைக்கும், இல்ல டாக்டர்? அதான் சத்தம் எனக்குக் கேக்கல."

வழக்கமாக என் பேச்சுக்குச் சிரிப்பவர் இன்று சிரிக்கவில்லை. "காது அடைச்சா, உள்ள இருக்கற சத்தம் இன்னும் அதிகமாத்தான் கேக்கணும், குறையாது" என்றார். சொல்லிவிட்டு, நடக்காமல் ஓடினார். அந்தப் பருமனான மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை.

நெஞ்சில் ஜெல் தடவி ஸ்கேன். கரும் திரையில் என் வால்வின் இரண்டு சின்னக் கதவுகள். ஒன்று திறந்து மூடியது. மற்றது சோம்பேறி மாதிரி பாதி திறந்து நின்றது. அதன் ஓரத்தில் ஒரு நிழல்.

"ரத்தம் கட்டியிருக்கு. சின்னதுதான்" என்றார் லெஃபிதி. "ரத்தத்த உடனே நீர்க்க வைக்கணும். ஆனா மூக்கு இப்படியே இருந்தா முடியாது."

மதியம் மூக்கை உள்ளே சுட்டு அடைக்கக் கூட்டிப் போகிறார்கள். மூக்கின் ரத்தக்குழாய் அடைபட்டால் உடனே கையில் நீர்க்க வைக்கும் மருந்து ஏற்றுவார்கள். மருந்து ஏற்றின பிறகு மூக்கு தாங்க வேண்டும். தாங்கினால், நிழல் கரைய வேண்டும். நிழல் கரைவதற்குள் அது கிளம்பி மேலே போகாமலிருக்க வேண்டும்.

எத்தனை 'வேண்டும்'! எனக்கு வெனாசியோவின் வாய்தான் ஞாபகம் வருது. நான் பேசாம எப்படி இருப்பேன்? எனக்கு வேற என்ன தெரியும்? தைக்கவும் பேசவும்தானே. ஒரு பக்கம் விழுந்துட்டா ரெண்டும் போச்சு.

ஃபலனிகோவுக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். குயினிசே ஏற்கனவே சொல்லிவிட்டாளாம்.

செப்டம்பர் 30, ஞாயிறு

மூக்கு தாங்குகிறது. மருந்து சொட்டுகிறது. வலது கை விரலை எண்ணிப் பார்க்கிறேன், இடது கை விரலை எண்ணிப் பார்க்கிறேன். என் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். பெலெனதெத்தே. சரியாக வருகிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி.

பக்கத்துக் கட்டில்காரி, "உன் பேரு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, போதும்" என்றாள்.

அக்டோபர் 2, செவ்வாய்

ஃபலனிகோ வந்துவிட்டார். விமானத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய், சட்டைகூட மாற்றாமல் கல்லடுப்பு மூட்டி, மதியம் ஓலைக்கூடையோடு வார்டில் நின்றார். கண் வீங்கியிருந்தது. அண்ணனுக்காகவா, எனக்காகவா, கேட்கவில்லை.

"மூணு வாரமா உனக்கு ஒருத்தரும் ஒழுங்கா சோறு போடலயாமே. தின்னு." பலுசாமி முடிச்சைப் பிரித்து என் வாயருகே கொண்டு வந்தார். குயினிசே முறைத்தாள்.

அசெனாத்தி ரத்தம் எடுக்க வந்தவள், ஊசியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா. இத எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"வாரத்துக்குப் பன்னண்டு" என்றார் ஃபலனிகோ பெருமையாக. "ஞாயித்துக்கிழம அஞ்சு. மிச்சம் புதன் வரைக்கும்."

"மூணு வாரமா?"

"ஒண்ணுகூட இல்ல. நான்தான் இங்க இல்லியே."

"கீரை சாப்பிடுவீங்களான்னு கேட்டேனேக்கா!"

"இது கீரையா? இது பலுசாமிடீ" என்றேன்.

சொல்லும்போதே எனக்குக் கேட்டது. சேம்பு இலை. கட்டு கட்டாக. இலை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள், சிரித்தாள், கண் கலங்கினாள், எல்லாம் ஒரே சமயத்தில். "நானும் ஒவ்வொரு ஞாயிறும் இதத்தான் திங்கறேன். எனக்கே தோணலயே. அந்தப் படிவத்துல ப்ரோக்கோலின்னு போட்டிருந்தான், நானும் ப்ரோக்கோலின்னு கேட்டேன்."

பிறகு ஃபலனிகோவுக்கு விளக்கினாள். இலை ஒரு பக்கம் ரத்தத்தைக் கெட்டியாக்க, மாத்திரை மறுபக்கம் நீர்க்க வைக்க, இவர்கள் இலையைப் பார்க்காமல் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போக, திடீரென்று ஒரு நாள் இலை நின்றுவிட்டது. எதிரே ஆளில்லாமல் மாத்திரை மட்டும் இழுத்தது.

அவர் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். "நான் செஞ்சதா இது?" என்றார். "நான் செஞ்சு போட்டதும் தப்பு, செய்யாம போனதும் தப்பா?"

அவரைத் தேற்ற ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை. ஐம்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. கையைத்தான் பிடித்தேன். "பஸ்ஸ விட்டது நான்தான்யா" என்றேன். "அன்னைக்குப் போயிருந்தா விரல்ல ஒரு குத்தோட முடிஞ்சிருக்கும்."

குயினிசே தொண்டையைக் கனைத்தாள். "என் சூப்புல ஒரு தப்பும் இல்லன்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

அக்டோபர் 3, புதன்

லெஃபிதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இலையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. "சாப்பிடுங்க. ஆனா வாரா வாரம் ஒரே அளவு. ஊருக்குப் போனாலும், சண்ட போட்டாலும், ஒரே அளவு." நாளைக்கு மறுபடி ஸ்கேன். நிழல் கரையாவிட்டால் நெஞ்சை இன்னொரு தடவை திறக்க வேண்டும் என்றார். அதற்கு இங்கே ஆளில்லை, விமானம் ஏற வேண்டும். இந்த உடம்போடு விமானமா?

ஃபலனிகோ கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். தூங்குகிற மாதிரி நடிக்கிறார். நடிக்கத் தெரியாது அவருக்கு.

அக்டோபர் 4, வியாழன்

இரண்டு கதவும் திறந்து மூடுகின்றன. இரண்டும். லெஃபிதி மூன்று தடவை காட்டினார். நான்காவது தடவை நானே கேட்டேன்.

மூக்கு டாக்டர் எட்டிப் பார்த்து, "டோங்காவுக்கு ஒரு நன்றியாவது உண்டா?" என்றார். வெள்ளை ஞாயிற்றுக்கு அவர் மகனுக்கு உடுப்பு தைத்துத் தருகிறேன் என்றேன். மகன் அளவு கேட்டேன். அப்பா அளவில் பாதி. அதற்கே மூன்று மீட்டர் வேண்டும்.

அக்டோபர் 14, வெள்ளை ஞாயிறு

நான் வீடு திரும்புவதற்குள், ரத்தம் பட்டதையும் சேர்த்து மீதி ஒன்பது உடுப்பையும் குயினிசே தைத்து முடித்திருக்கிறாள். ஒரு காலர்கூட நேராக இல்லை. அதைப் போட்ட பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கம் காது கேட்காதவர்கள் மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வசனம் சொல்லின. குறை சொல்ல வாய் வந்தது, மூடிக்கொண்டேன்.

வாரத்துக்கு எத்தனை பலுசாமி என்று டாக்டர் லெஃபிதி எழுதிக் கொடுத்த தாள் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். பயம் போய்விட்டதா? இல்லை. மூக்கு அரித்தால்கூட உடம்பு சில்லிடுகிறது.

நவம்பர் 20, செவ்வாய்

இந்த டைரியை எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. பாபின் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

எழுதியே ஆகவேண்டிய சங்கதி. பாடகர் குழுத் தலைவர் துசிதாலா இருக்கிறாரே, மனைவி இறந்து இரண்டு வருடம் ஆனவர், இன்று என்னிடம் புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். பூப்போட்ட துணி! ஐம்பத்தெட்டு வயதில் மஞ்சள் பூ! "யாருக்கு இந்த அலங்காரம்?" என்றேன். "கிறிஸ்துமஸ்தானே வருது" என்றார். கிறிஸ்துமஸுக்குக் காது சிவக்குமா? அவர் போன பத்தாவது நிமிடம் குயினிசே வருகிறாள், நம்ம குயினிசே, அதே மஞ்சள் பூ துணியோடு! பாவாடைக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை. இஞ்ச் டேப்பை அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டே, "அண்ணி, இந்தத் துணி கடையில மிச்சம் இருந்துதா, இல்ல யாரோ பாதி வாங்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டேன். டேப்பைப் பிடுங்கி என்னை ஓர் அடி அடித்தாள். நாலாவது தடவை தொட்டாள்.

ஃபலனிகோவிடம் சொன்னேன். "என் அக்காவா? போடி" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான், முகத்தில் தெரிந்தது.

துணி மொத்தம் ஆறு மீட்டர். பார்டருக்குப் பச்சை வைப்பதா, வெள்ளை வைப்பதா? பச்சை வைத்தால் ஊரே பார்க்கும். பச்சைதான்.

காலையில் ரத்தம் பார்த்தார்கள். 2.9.